அட்டை இல்லாத புத்தகங்கள்

சிட்னியில் பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய சாமான் சந்தை கூடுகிறது. அங்கே அரைக் காற்சட்டையும் வெண்தாடியுமாக ஒருவர் பத்திரிகை அட்டைகள் விற்கிறார். பத்திரிகைகள் அல்ல, அட்டைகள் மட்டும். இந்த நாட்டின் பழைய பெண்கள் பத்திரிகைகளின் முகப்புகளை அளவாக வெட்டி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார். கேக்குக்கு ஐசிங் பூசுகிற பெண், கடற்கரையில் பெரிய தொப்பியோடு படுத்திருக்கிற பெண், குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிற பெண். சனங்கள் வாங்கிப்போய்ப் பிரேம் போட்டு மாட்டுகிறார்கள், அநேகமாகக் கழிவறையில். கழிவறைச் சுவரில் படம் மாட்டுகிற பழக்கம் இருபத்தைந்து வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அது வேறு கதை. உள்ளே இருந்த பக்கங்கள் எங்கே என்று அவரிடம் கேட்டேன். வேனுக்குப் பக்கத்தில் நின்ற மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியைக் காட்டினார். கதைகள், சமையல் குறிப்புகள், வாசகர் கடிதங்கள் எல்லாம் அதற்குள்ளே. "எனக்கு அட்டை இல்லாதது இருந்தால் தாருங்கள்" என்றேன். நான் பேரம் பேசுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். நெஞ்சில் கையை வைத்து, "சொறி லவ், பழுதானதை நான் ஒருநாளும் விற்பதில்லை" என்று சொல்லி, கேக் பெண்ணை எடுத்துச் சும்மாவே என் கையில் தந்தார். நான் விளக்க முயன்றேன். "நோ வொறீஸ்" என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

அவருக்கு விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒருவேளை விளக்கமே தேவைப்படாது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், ஏழு வீடுகள். மெட்ராசிலிருந்து வருகிற வார இதழ் பட்டணத்துக் கடைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே வரும். முதல் வீட்டுக்காரர் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். தினமும் பட்டணம் போய் வருகிறவர். அவர்தான் கடைக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு பிரதியைப் பிடித்து வருவார். அந்த ஒன்றை ஏழு வீடும் வாசிக்க வேண்டும். கந்தோர் மூளை சும்மா இருக்குமா? கந்தோரில் பைல் சுற்றுக்கு விடுகிற முறையையே புத்தகத்துக்கும் கொண்டுவந்தார். ஒரு துண்டுக் கடதாசியில் ஏழு குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் வரிசையாக எழுதி உள்ளே ஒட்டிவிடுவார். வீட்டுக்கு ஒரு நாள். வாசித்து முடித்ததும் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கையெழுத்து, பிறகு அடுத்த வீடு. ஏழாம் நாள் கடைசி வீட்டுக்குப் புத்தகம் வந்தால் மறுநாள் முதல் வீட்டுக்குப் புதுப் புத்தகம் வந்துவிடும். கடைசி வீடு அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வீடு எங்களுடையது.

ஆரம்பத்தில் நாங்கள் கடைசி இல்லை. இதை நான் நன்றாக அறிவேன். முதல் சில மாதங்கள் புத்தகம் இரண்டாம் நாளே எங்களுக்கு வந்தது, அட்டையோடு வந்தது. அச்சு மை மணம் போகாமல் வரும். பிறகு ஒரு கிழமை இரண்டாம் நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏழாம் நாள் ஆறாம் வீட்டுப் பெடியன் கொண்டுவந்து தந்தான். அட்டை இல்லை. முதல் பக்கத்தில் துண்டு ஒட்டியிருந்தது. அதில் "தம்பிராசா மாஸ்டர்" என்று என் அப்பாவின் பெயர் ஏழாவதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்த மனிதர், ஏழாவது. அப்பா துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கிளாக்கர் பெரிய இடத்தில இருக்கிறார், ஏதும் காரணம் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கிளாக்கர் சைக்கிளில் போகும்போது அப்பா வேலிப் பக்கம் போவதில்லை. கோயிலில் கண்டாலும் தலையாட்டல் மட்டும்தான். அட்டை அதன்பிறகு ஒருபோதும் வரவில்லை. புத்தகம் கொண்டுவருகிற வீட்டுக்கு அட்டை சொந்தம் என்று ஒழுங்கை முழுவதும் எடுத்துக்கொண்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

அதே கிழமைதான் அந்தத் தொடர்கதை ஆரம்பித்தது. கதாநாயகி கல்பகம், பட்டணத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறவள். அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்து, இரண்டு ஆண்களுக்கு நடுவில் அல்லாடுகிறவள். உள்ளே படங்கள் கறுப்பு மையில் இருந்தன. சின்னக் கட்டம் போட்ட சேலை, ஒற்றைப் பின்னல், கையில் குடை. முதல் அத்தியாயத்துக்கு அட்டையில் அவளை வர்ணத்தில் போட்டிருந்தார்களாம். இதை எனக்குச் சொன்னவள் கிளாக்கரின் மகள் ரஞ்சி. என் வகுப்புத்தான். "நீர் அட்டை பாக்கேல்லையே? ஐயோ, அந்தச் சேலை நிறம்" என்று சொல்லிவிட்டு நிறத்தைச் சொல்லாமல் போய்விட்டாள். எனக்கு அப்போது வயது பதினான்கு. ஒரு மனிதப் பிறவியை அவ்வளவு வெறுக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நானாக யோசித்து அந்தச் சேலை மயில் நீலம் என்று முடிவு செய்தேன். பிற்காலத்தில் என் கலியாணத்துக்குச் சேலை எடுத்தபோது, கூறைச்சேலை உடுத்த மறுநாளுக்கு மயில் நீலத்தில் சின்னக் கட்டம் போட்டதொன்றைப் பிடிவாதமாகத் தேடி எடுத்தேன். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை.

கதை முடிவதற்கு மூன்று கிழமை இருக்கையில் கிளாக்கருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்து அவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். வேறொரு வீட்டார் புத்தகம் எடுப்பித்தார்கள். கடைசி மூன்று இதழ்களும் அட்டையோடே வந்தன. நான் அவற்றைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். கதை முடிந்ததும் அப்பா எல்லா அத்தியாயங்களையும் கிழித்துச் சேர்த்து பைண்டரிடம் கொடுத்தார். எங்கள் வீடுகளில் அதுதானே வழக்கம். கதையைச் சேர்த்துக் கட்டு, மிச்சத்தை அடுப்புக்குப் போடு. கறுப்பு ரெக்சின் போட்டு, ஓரம் நறுக்கிப் புத்தகம் வந்தது. அந்த மூன்று அட்டைகளையும் காணவில்லை. "அட்டையில என்ன பிள்ளை இருக்கு, கதை உள்ளுக்கல்லோ" என்றார் அப்பா. துண்டுகள் மட்டும் முதல் பக்கங்களோடு சேர்ந்து தைபட்டிருந்தன. உருண்டை உருண்டையான எழுத்தில் ஏழு பெயர்கள், கடைசி மூன்றைத் தவிர ஒவ்வொரு அத்தியாயத்துக்கும், ஏழாவதாக நாங்கள். கச்சேரிக் கிளாக்கரின் எழுத்து இப்படிக் குழந்தைத்தனமாக இருக்குமா என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

அந்தக் கறுப்புப் புத்தகம் என்னோடு கொழும்புக்கு வந்தது, பிறகு சிட்னிக்கும் வந்தது. இப்போது கிரவீனில் எங்கள் கராஜில், இரும்பு அடுக்குகளில் மற்றவற்றோடு இருக்கிறது. மற்றவை என்றால், இருபது வருடமாக நான் சேர்க்கிற பழைய தமிழ் வார இதழ்கள். வெஸ்ட்மீடில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் இரத்த அணுக்களை எண்ணிவிட்டு வந்து, பின்னேரங்களில் இவற்றைத் தட்டித் துடைக்கிறேன். சென்னைக்கு யார் போனாலும் பட்டியல் கொடுத்துவிடுவேன். மூலையில் ஈரமுறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், அடுக்கெல்லாம் பூச்சி உருண்டை. என் கணவர் காரை வெளியே வெயிலில் விடுகிறார். "கார் கராஜ் உள்ள வீட்டிலதான் நாங்கள் இருக்கிறம், ஆனா காருக்குத்தான் இடமில்லை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, யூ நீட் அன் இன்ரவென்ஷன்" என்பாள், ஆட்களைக் கூட்டி எனக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். சொல்லட்டும். எனக்கு வேண்டியது ஓர் அட்டை, கல்பகத்தின் முதல் அட்டை. சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் அந்தக் கதை கிடைக்கிறது, நாலைந்து தரம் கிடைத்தது, எல்லாம் பைண்ட் பண்ணியது. நம்மவர்கள் எல்லோரும் கதையைக் காப்பாற்றிவிட்டு அட்டையை எறிந்திருக்கிறார்கள். இங்கே சந்தைக்காரர் அட்டையைக் காப்பாற்றிவிட்டுக் கதையை எறிகிறார். இரண்டு நாட்டுக்கும் நடுவில் முழுப் புத்தகம் வைத்திருந்தவர் யாருமே இல்லையா என்று எனக்கு எரிச்சல் வரும்.

போன வருடம் பெண்டில் ஹில்லில் ஒரு சாமான் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால், "நீர் தம்பிராசா மாஸ்டரின்ர வசந்தியல்லோ?" என்று ஒரு குரல் கேட்டது. ரஞ்சி. தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெல்பேர்னில் முப்பது வருடம் இருந்து, கணவர் காலமானபிறகு மகளோடு இருக்க வெஸ்ட்மீடுக்கு வந்திருக்கிறாளாம். நான் வேலை செய்கிற இடத்திலிருந்து அவளுடைய அடுக்குமாடி யூனிற் நடக்கிற தூரம். அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொன்னாள். போனேன். கதவு திறந்ததும் நடைச்சுவரில் வரிசையாகப் பிரேம்கள், மெல்லிய கறுப்புச் சட்டம், நடுவில் வெள்ளை மவுண்ட். எல்லாம் அட்டைகள். நாலாவதில் கல்பகம். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். சேலை கத்தரிப்பூ நிறம்.

கத்தரிப்பூ நிறம். நான் என்ன செய்ய முடியும், அங்கேயே நின்றேன். சோறு உள்ளே போகவில்லை. ரஞ்சியின் மகள், "அன்ரி, ஆர்ன்ற் தே கோர்ஜஸ்? நான்தான் அம்மாவின்ர பேர்த்டேக்குப் பிரேம் பண்ணினனான்" என்றாள். நல்லாயிருக்கு என்றேன். என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். சாப்பிட்டு முடிந்து குசினியில் கோப்பை கழுவும்போது ரஞ்சி கேட்டாள்.

"வசந்தி, உமக்கு அந்தக் கதை ஞாபகமிருக்கே? கல்பகம். கடைசி மூண்டு கிழமையும் நாங்கள் வாசிக்கேல்லை. கொழும்புக்குப் போட்டம். அவள் கடைசியில ஆரைக் கட்டினவள்?"

"ஞாபகமில்லை" என்றேன்.

"ஒண்டுமே?"

"நாப்பது வருசத்துக்கு மேலையாச்சு, ரஞ்சி. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எந்த இடத்தில் விளம்பரம் வந்து வசனத்தை முறிக்கிறது என்பதுகூட. அவளுக்கு அட்டை இருக்கட்டும், முடிவு எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். கடைசி வீட்டுக்குத்தான் புத்தகம் சொந்தமென்றால் அந்த அட்டையும் எங்களுடையதுதானே, அவள் வெட்டினது களவுதானே என்று கேட்டேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ வெட்டியிராட்டி உங்கட அப்பா பைண்டரிட்டக் குடுத்து எறிஞ்சிருப்பார். அவ வெட்டினபடியாத்தான் இப்ப உமக்குப் பாக்கவாவது கிடைச்சுது" என்றார். இந்த மனிதரோடு முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான். நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

மூன்று கிழமை தாங்கினேன். பிறகு ரஞ்சிக்குப் போன் எடுத்து, அந்தப் படத்தைக் கண்ணாடி இல்லாமல் ஒரு போட்டோ எடுக்க விடுவாளா என்று கேட்டேன். கறுப்புப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் தெரியாது. மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசையாக இருக்கலாம், அல்லது என்னிடம் இருக்கிறது உன்னிடம் இல்லை என்று காட்டுகிற ஆசையாக இருக்கலாம். இரண்டாவதுதான் உண்மை.

ரஞ்சி பிரேமைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்துக் கொளுவிகளை நெம்பினாள். மட்டையை எடுத்ததும் அட்டையின் உள்பக்கம் தெரிந்தது. அங்கே ஒரு கூந்தல் எண்ணெய் விளம்பரம். அதன் மேல் ஒட்டிய துண்டுக் கடதாசி, நீல மை. சாய்ந்து, இடைவெளி பிசகாமல், கந்தோர்க்காரரின் எழுத்து. ஒன்று, அவருடைய பெயர். இரண்டு, தம்பிராசா மாஸ்டர்.

நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முதல் அத்தியாயத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். உருண்டை எழுத்து. ஏழு, தம்பிராசா மாஸ்டர். கடைசி அத்தியாயம் உள்ள புத்தகம் என்னிடம் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. என்னுடைய பொய்யைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்வதற்கு வேறொன்று இருந்தது.

"இது உம்மட எழுத்து" என்றேன்.

"ஓம்."

"உங்கட அப்பா எங்களை ரெண்டாவதாத்தான் போட்டவர்."

"ஓம். அட்டையை வெட்டினாப் பிறகு துண்டும் அதோட வந்திட்டுது. அப்பா கண்டா அடிப்பார். நானே கிழமைக்குக் கிழமை புதுத் துண்டு எழுதி ஒட்டினனான், அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோறதும் நான்தானே. எழுதேக்குள்ள மாத்திப்போட்டன்."

"ஏன்?"

ரஞ்சி கதிரையில் இருந்தாள். "நீர் ரெண்டாம் நாளே வாசிச்சிட்டு வந்து பள்ளிக்கூடத்தில கதை சொல்லுவீர். மாமரத்தடியில எல்லாரும் உம்மைச் சுத்தி நிப்பினம். புத்தகம் எங்கட வீட்டுக்கு வந்தது, கொண்டுவாறது என்ர அப்பா. ஆனா நான் சொன்னா ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு உம்மைப்போலச் சொல்ல வராது. எனக்கு அப்பிடி எரிச்சல். உம்மைக் கடைசியில போட்டா நீர் சொல்ல வாறதுக்கு முதல் எல்லாருக்கும் கதை தெரிஞ்சிடும் எண்டு நினைச்சனான்."

இதை வாசிக்கிறவர்கள் நான் கோபப்பட்டேன் என்று எதிர்பார்ப்பீர்கள். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வாயைக் கடித்து அடக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் அட்டைகள் எல்லாம் வைத்திருந்த ரஞ்சி. கோபம் பிறகுதான் வந்தது, அதுவும் எனக்காக வரவில்லை. வேலிப் பக்கம் போகாமல் விட்ட மனிதரை நினைத்து வந்தது. கிளாக்கர் தன்னைக் கடைசியில் தள்ளினார் என்று நினைத்துக்கொண்டே அப்பா கண்ணை மூடிவிட்டார். கிளாக்கருக்கும் தம்பிராசா மாஸ்டர் ஏன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று கடைசிவரை தெரிந்திராது. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் எரிச்சல் இரண்டு பெரிய மனிதர்களின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. இதை நான் ரஞ்சிக்குச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது வசந்தி" என்றாள். "நீர் இந்த அட்டையைக் கொண்டு போம். உண்மையாச் சொல்லுறன், கொண்டு போம்."

இருபது வருடமாகத் தேடியது மேசையில் கிடந்தது. கையை நீட்டினால் போதும். நான் கத்தரிப்பூச் சேலையைப் பார்த்தேன், திருப்பி நீல மையைப் பார்த்தேன். கொண்டுபோனால் கராஜில் ஓர் உறைக்குள் வைப்பேன்; என்னையும் பூச்சி உருண்டையையும் தவிர வேறு யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்? இங்கே என்றால் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நடைச்சுவரைப் பார்த்துக்கொண்டுதானே உள்ளே வருகிறார்கள்.

"எனக்கு வேண்டாம். திருப்பி மாட்டும்" என்றேன்.

"எப்பிடி?"

"இந்தப் பக்கம் வெளியில தெரியத்தக்கதா. பேர் இருக்கிற பக்கம். நான் கதையின்ர முடிவு சொல்லுறன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப கல்பகம்?"

"அவள் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கட்டும். உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

ரஞ்சி சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள், அட்டையைத் திருப்பி வைத்தாள், மட்டையை வைத்துக் கொளுவிகளை அழுத்தினாள். ஆணியில் மாட்டியபோது கொஞ்சம் சரிந்தது, நான் நிமிர்த்தினேன். பிறகு நடையிலேயே, இரண்டு பேரும் நின்றபடி, நான் கதையைச் சொன்னேன். புத்தகத்தைத் திறக்கவில்லை, தேவைப்படவில்லை. கடைசி மூன்று கிழமையையும் மாமரத்தடியில் சொன்ன மாதிரியே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அண்ணியின் குரலை அண்ணியைப் போலவே சொன்னேன். கல்பகம் யாரையும் கட்டவில்லை. இரண்டு பேரின் கடிதங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, மலைநாட்டில் ஒரு தபால் கந்தோரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அவ்வளவுதானே?" என்றாள் ரஞ்சி. "இதுக்கே இவ்வளவு காலம்?"

"அவ்வளவுதான்."

"நீர் சொன்னபடியா நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவள் போலக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள்.

வெஸ்ட்மீடில் ரயில் ஏறினால் நடுவில் ஒரு ஸ்டேஷன், அடுத்தது பெண்டில் ஹில், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடை. மடியில் கறுப்புப் புத்தகம். அந்த ஏழு வீடுகளில் இன்றைக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. சிலர் கனடாவில், சிலர் லண்டனில், சிலர் எங்கென்றே தெரியவில்லை. ஆனால் வரிசை இருக்கிறது, இரண்டு இடத்தில் இருக்கிறது. வெஸ்ட்மீடில் ஒரு நடைச்சுவரில், பிரேமுக்குள், தம்பிராசா மாஸ்டர் இரண்டாவது. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் யார் இந்த மாஸ்டர் என்று கேட்டால் ரஞ்சிதான் பதில் சொல்ல வேண்டும். கிரவீனில் எங்கள் கராஜில், தைத்துக் கட்டிய பக்கங்களுக்குள், அவர் இன்னமும் ஏழாவது. நான் புத்தகத்தை அடுக்கில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.